ட்ரெய்னருக்கென்று தனி சைக்கிள்: வாசகர் கேள்விகள்

கே: பழைய 8 ஸ்பீடு (பின்பக்கம் 8 கியர்) ரோடு சைக்கிள் சும்மா கிடக்கிறது. ட்ரெய்னரிலேயே (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் கருவி) நிரந்தரமாக மாட்டிவிடலாமா?

தாராளமாக. எடையும் காற்றுத் தடையும் வீட்டுக்குள் கணக்கில் வராது. பாட்டம் பிராக்கெட்டில் (பெடல் அச்சு சுழலும் இடம்) ஆட்டம் இருக்கிறதா, டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் இடம்) பக்கம் விரிசல் இருக்கிறதா, சீட் போஸ்ட் இறுகிப்போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரிம் பிரேக்கைக் கழற்றிவிடலாம். லீவரைக் கழற்றாதீர்கள், கியர் மாற்றவும் கை வைக்கவும் அது வேண்டும்.

கே: என் சைக்கிளுக்கு எந்த ட்ரெய்னர் பொருந்தும்?

எந்த சைக்கிள்? பின்சக்கரத்தைப் பிடிப்பது குயிக் ரிலீஸா (லீவரால் இறுக்கும் மெல்லிய கம்பி), த்ரூ ஆக்ஸிலா (ஃப்ரேமில் திருகி இறுக்கும் தடித்த அச்சு), சக்கரம் உட்காரும் பின்பக்க இடைவெளி 130, 135, 142 மி.மீ.யில் எது, எத்தனை ஸ்பீடு? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் சொல்ல வழியில்லை. அளந்து பார்த்து மறுபடி எழுதுங்கள்.

கே: டைரக்ட் டிரைவ் ட்ரெய்னரில் (பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டும் வகை) 10 ஸ்பீடு கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) போட்டேன். அதைப் பிடிக்கும் லாக்ரிங்கை இறுக்கியும் ஆடுகிறது.

11 ஸ்பீடு ஃப்ரீஹப்பில் (கேசட் உட்காரும் உருளை) போட்டிருப்பீர்கள். கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்) வேண்டும், ஷிமானோவின் பல 10 ஸ்பீடு கேசட்டுகளுக்கு அதோடு இன்னொரு 1 மி.மீ. ஸ்பேசரும் வேண்டும். லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவில் இறுக்குங்கள். கேசட் புதிது, செயின் பழையது என்றால் பல் தாவும், செயினையும் மாற்றுங்கள்.

கே: ஆறு மாதமாக உள்ளேயே ஓட்டுகிறேன். ஹேண்டிலைத் திருப்பினால் கரகரவென்கிறது. என்ன கிரீஸ் போடலாம்?

கிரீஸ் பிறகு. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், விசிறி என்ற சொல்லே இல்லை. அத்தனை பணம் கொடுத்து ட்ரெய்னர் வாங்கி, சீலிங் ஃபேனுக்கு அடியில் போட்டு ஓட்டுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சாலையில் வியர்வையைக் காற்று கொண்டுபோய்விடும். உள்ளே அது நேராக ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) போல்ட்டிலும் ஹெட்செட்டிலும் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்குகள்) ஹேண்டில்பாரிலும் சொட்டும். சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அந்த உப்பு பார் டேப்புக்குள் (ஹேண்டில்பாரில் சுற்றிய நாடா) ஊறி அங்கேயே தங்கும். மேலே டேப் புதிதாகத் தெரியும்போதே அடியில் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரித்துக்கொண்டிருக்கும். எழுந்து நின்று மிதிக்கும் ஒரு நாளில் பார் ஒடியும், முகம் ஸ்டெம்மில் மோதும்.

பெடஸ்டல் ஃபேனை ஒரு மீட்டர் தள்ளி நெஞ்சுக்கு நேராக வையுங்கள். பாரையும் ஸ்டெம்மையும் துண்டால் மூடுங்கள். முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேப்பை உரித்து, லீவர் கிளாம்ப்பைத் தளர்த்தி, அதன் அடியையும் பாருங்கள். வெறும் வெள்ளைப் பொடி என்றால் துடைத்தால் போதும். நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்த பாரைத் தூக்கிப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஸ்டெம் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் தடவி, 5 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். ஸ்டெம்மில் வேறு அளவு பொறித்திருந்தால் அதன்படி.

உங்கள் ஹெட்செட்டின் மேல் பேரிங் துருப்பிடித்துவிட்டது. கிரீஸால் மீளாது, மாற்றுங்கள். பழையதன் ஓரத்தில் விட்டத்தோடு 36×45 அல்லது 45×45 என்று கோணமும் பொறித்திருக்கும். அதையே கேட்டு வாங்கி, கிரீஸைத் தாராளமாக அப்பி மாட்டுங்கள்.

கே: சக்கரத்தைக் கழற்றியபின் டிஸ்க் பிரேக் லீவரை அழுத்திவிட்டேன். பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

தட்டையான பிளாஸ்டிக் டயர் லீவரை இடையில் விட்டு மெதுவாக விரியுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். விரிந்ததும் பேட் ஸ்பேசரை (பேட்டுகள் ஒட்டாமல் காக்கும் துண்டு) செருகி அப்படியே விட்டுவிடுங்கள்.

கே: எர்க் மோடில் (ட்ரெய்னரே தடையைக் கூட்டிக் குறைத்து ஒரே பவரில் மிதிக்கவைக்கும் முறை) ஓட்டினால் கீழ்வீட்டார் சத்தம் என்கிறார்கள்.

முன்னால் சின்ன செயின்ரிங் (பெடல் பக்கப் பல்சக்கரம்), பின்னால் நடுப் பல். செயின் நேராக ஓடும், ஃப்ளைவீல் (ட்ரெய்னரின் கனமான சுழல் சக்கரம்) வேகம் குறையும், இரைச்சலும் குறையும். அதிர்வுக்குத் தடித்த ரப்பர் மேட்.

கே: வெளியே ஓட்டும் சைக்கிளின் அதே அளவுகள்தான். ஆனாலும் உட்காருமிடம் மரத்துப்போகிறது.

ட்ரெய்னரில் சைக்கிள் அசையாது, எடை ஒரே இடத்தில் விழும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து மிதியுங்கள். சேடில் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டயரில் உருளை அழுத்தும் வகை ட்ரெய்னரானால் பின்பக்கம் தூக்கியிருக்கும், முன் சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள்.

கே: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். ட்ரெய்னர் இழுப்பது கொஞ்சம்தான். அதே இன்வெர்ட்டரில் விசிறியும் ஓடவேண்டும். ஓடாவிட்டால் அன்றைக்கு சைக்கிளில் ஏறாதீர்கள்.