பேய்ப் படத்துக்கு வீட்டைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு ஊரில் என் கணவரின் ஐயா கட்டிய வீடு இருக்கிறது. முகப்பு, நடுவில் முற்றமும் சுற்றி அறைகளுமாக வளவு, இரண்டாம் கட்டு என்று பெரிய வீடு. ஆறு பங்காளிகள். பொங்கலுக்கும், முன்னோருக்குப் போடுகிற படைப்புக்கும் மட்டும்தான் திறக்கிறோம். ஒரு பேய்ப் படத்துக்குப் பன்னிரண்டு நாள் வேண்டும் என்று ஒருவர் முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்கிறார். அந்தப் பணம் வந்தால் ஓடு மாற்றிவிடலாம். ஆனால் படம் வந்தபிறகு 'பேய் வீடு' என்று பெயர் விழுந்துவிட்டால் நாளைக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாமல் போகுமே என்று பயமாக இருக்கிறது. பூஜை போட்டுவிட்டுக் கொடுத்தால் போதுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: அம்மா, கொடுக்கலாம். பயப்பட வேண்டியதும் உண்டு, ஆனால் கேமராவைப் பார்த்தல்ல, கையில் முன்பணத்தோடு வந்தாரே, அவரைப் பார்த்து. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் பெயர் விஷயம்.

சினிமா ஒப்பந்தங்களை எழுதியும் கிழித்தும் பல வருடம் ஓட்டிவிட்ட வக்கீல் நான். இதில் நான் பார்த்தது ஒன்று. படம் எடுத்த வீட்டுக்குப் பேய்ப் பெயர் ஒட்டுவது அபூர்வம். கதை யார் வீட்டில் நடந்ததாகச் சொல்கிறார்களோ, அந்த வீட்டுக்குத்தான் ஒட்டும். அமெரிக்காவில் 2013இல் 'தி கான்ஜுரிங்' என்று ஒரு படம் வந்து பெரிய ஓட்டம் ஓடியது. உண்மைச் சம்பவம் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். சம்பவம் நடந்ததாகச் சொன்னது ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில். படம் எடுத்ததோ பல நூறு மைல் தள்ளி, வட கரோலினாவில். படப்பிடிப்பு நடந்த இடத்தை யாரும் தேடிப் போனதாகத் தெரியவில்லை. பண்ணை வீட்டில் பல வருடமாக நிம்மதியாகக் குடியிருந்தவர்கள் வீட்டுக்குத்தான் ராத்திரியில் டார்ச் லைட்டோடு கூட்டம் வந்தது. கண்டவர்களும் எல்லை தாண்டி உள்ளே வருகிறார்கள் என்று அவர்கள் 2015இல் படக் கம்பெனி மேல் வழக்கே போட்டார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கேமராகூட வைக்கவில்லை, பாருங்கள்.

1979இல் வந்த 'ஆமிட்டிவில்' படமும் இதே கதைதான். நியூயார்க் பக்கம் ஆமிட்டிவில் ஊரில் 1974இல் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் கொலையான வீடு, பிறகு குடிவந்தவர்கள் இருபத்தெட்டே நாளில் ஓடிவிட்டார்கள், அதை வைத்துப் புத்தகம், புத்தகத்தை வைத்துப் படம். படம் எடுத்தது நியூ ஜெர்சியில் வேறொரு வீட்டில். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் தாங்காமல் நிஜ வீட்டின் கதவு எண்ணையே மாற்றினார்கள், படத்தில் கண் மாதிரி முறைக்குமே, அந்த அடையாள ஜன்னல்களையும் மாற்றினார்கள். நம் ஊரில் என்றால் ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனி. பேய்க் கதை அங்கே முன்பே உண்டு, 2015இல் அந்தப் பெயரையே படத்துக்கு வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரு ஞாபகம் வரும், எத்தனை பேருக்குப் பேய் ஞாபகம் வரும்?

பெயர் கெட்டால் விலை விழும் என்பதும் எப்போதும் சரியில்லை. அந்த ரோட் ஐலண்ட் வீடு 2019இல் கைமாறியபோது விலை நாலரை லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கியவர்கள் பேய் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி ராத்தங்க விட்டார்கள். 2022இல் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் போனது. உங்கள் ஊரில் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம், சும்மா சொன்னேன்.

ஆகவே ஒப்பந்தத்தில் முதல் பத்தியிலேயே இதை எழுதச் சொல்லுங்கள்: இந்தக் கதை இந்த வீட்டில் நடந்தது என்றோ, உண்மைச் சம்பவம் என்றோ, படப்பிடிப்பில் அமானுஷ்யம் நடந்தது என்றோ, படத்திலும் விளம்பரத்திலும் பேட்டியிலும் சொல்லக் கூடாது. கடைசி வார்த்தையைக் கவனியுங்கள், பேட்டி. படம் வெளியாகிற வாரத்தில் நாயகியோ இயக்குநரோ ஏதாவது ஒரு சேனலில் உட்கார்ந்து "காரைக்குடி பக்கம் ஒரு வீடு சார், நைட்டு ரெண்டு மணிக்கு யாரோ கொலுசு போட்டு நடக்கிற சத்தம்" என்று ஆரம்பிப்பார்கள். தொண்ணூறு சதவீதம் அது பி.ஆர்.ஓ. எழுதிக் கொடுத்த கொலுசு. பெயர் விழுவது அந்த ஒரு பேட்டியில்தான். ஊர்ப் பெயர், வீட்டின் விலாசம், நிலைக்கு மேலே சுதையில் இருக்கிற குடும்ப இனிஷியல், எதுவும் திரையில் தெரியக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகப்பை மறைக்க ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு அரை நாள் போதும்.

அதே மாதிரி உங்கள் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 1991இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, சட்டம் படிக்கிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். ஒரு அம்மா தன் வீட்டில் ஆவிகள் உண்டு என்று பத்திரிகைகளுக்குச் சொல்லி வந்தார். பிறகு வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றார், ஆவியைப் பற்றி மூச்சு விடவில்லை. வாங்கியவருக்கு விஷயம் தெரிந்து கோர்ட்டுக்குப் போனார். ஊருக்கெல்லாம் பேய் உண்டு என்று நீயே சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று சொல்ல முடியாது, சட்டத்தின் பார்வையில் அந்த வீட்டில் பேய் உண்டு என்று சொல்லி, விற்பனையை ரத்து செய்துகொள்ளும் உரிமையை வாங்கியவருக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், சாதாரணமாகப் பார்த்தால் வாங்குபவர் கண்ணில் படாத முக்கியமான குறை ஏதாவது சொத்தில் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்தும் இருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு படம் எடுத்தார்கள் என்பது என் பார்வையில் அப்படிப்பட்ட குறை இல்லை. ஆனால் யூடியூப் பையன்கள் மைக்கை நீட்டும்போது விளையாட்டுக்குக்கூட "ஆமாம் தம்பி, எங்க அப்பத்தா நடமாட்டம் உண்டு" என்று சொல்லிவைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று போலீஸில் புகார் கொடுக்கலாம். ஏற்றுக்கொள்கிறார்களா என்பது அன்றைக்கு ஸ்டேஷனில் இருப்பவர் மனநிலையைப் பொறுத்தது, அதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

இப்போது முன்பணக்காரர். அவர் படக் கம்பெனி ஆளா, இல்லை லொகேஷன் புரோக்கரா? கேட்டால் "நம்ம கம்பெனிதாங்க" என்பார். எந்தக் கம்பெனி, புரொடக்‌ஷன் மேனேஜர் யார் என்று கேளுங்கள், அந்த மேனேஜரிடம் நேராகப் போனில் பேசுங்கள். பேச விடமாட்டேன் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு நாள் வாடகை இவ்வளவு என்று சொல்லிவிட்டு கம்பெனியிடம் அதைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை என்று விடலாம், வயிற்றுப்பிழைப்பு. எதுவும் எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவார்கள் பாருங்கள், அதுதான் விஷம். "ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர், மேட்டர் நாங்க டைப் பண்ணிக்கிறோம்" என்பார். அந்த ஒரு தாளை வைத்து அடுத்த வருடம் வேறு ஒரு கம்பெனிக்கு உங்கள் வீட்டைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் திருச்சியில், வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வேன், பூட்டை உடைக்கலாமா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புரோக்கர் போன் அணைந்திருந்தது.

இன்னொரு வேலை, குடும்பப் படம் என்று சொல்லி வாங்கிவிட்டுப் பேய்ப் படம் எடுப்பது. உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள், அதற்கே ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள், கம்பெனி கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரட்டும். பாதி முன்கூட்டியே, மீதி கடைசி நாள் யூனிட் கிளம்புவதற்கு முன். சேதத்துக்கென்று தனி டெபாசிட். "படம் ரிலீஸானதும் தருகிறோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை, எத்தனை படம் ரிலீஸாகிறது? நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம்தான், வாய்தா வாங்கி முடிப்பதற்குள் அந்தப் படத்தின் மூன்றாம் பாகம் வந்துவிடும்.

ஒப்பந்தத்துக்கு 'வாடகை ஒப்பந்தம்' என்று பெயர் வைக்க விடாதீர்கள். அது அனுமதி ஒப்பந்தம். வீடு உங்கள் வசமே இருக்கிறது, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை உள்ளே வந்து வேலை பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். வரியை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'ஆறு பங்காளிகள்' என்ற இரண்டு வார்த்தை. வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கலாம், வரி ரசீது உங்கள் கணவர் பெயரில் இருக்கலாம், அதனால் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவைச் சுற்றி உள்ள அறைகள் ஆளுக்கு ஒன்று என்றும், முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது என்றும் இருக்கும். பேய்ப் படக்காரர்களுக்கு வேண்டியதே அந்தப் பொது இடமும், பூட்டிக் கிடக்கிற அந்த அறையும்தான். பூட்டிய அறை இல்லாமல் பேய்ப் படம் ஏது? ஒரு வீட்டில் மூன்றாவது பங்காளியின் அறைப் பூட்டை ஷாட்டுக்காக உடைத்தார்கள், உள்ளே அவருடைய அம்மாவின் பாத்திரங்களும் பட்டுப்புடவைகளும் இருந்தன. ஒன்றும் காணாமல் போகவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் இன்றுவரை ஒன்றாக உட்கார்ந்து படைப்புப் போடவில்லை. எனவே ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இறந்துபோன பங்காளி இருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும். வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும், ஆன்லைன் என்று பெயர்தான், ஒவ்வொரு மேஜைக்கும் நீங்கள் நேரில் போய் நின்றால்தான் நகரும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் இருந்தால் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அதிகாரப் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், இதைப் பலரும் மறந்து மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அவரைத் தவிர்த்துவிட்டுச் செய்யலாம் என்று புரோக்கர் சொல்வார். படப்பிடிப்பின் மூன்றாவது நாள் அந்த ஒருவர் போய்த் தடையுத்தரவு வாங்கினால் கம்பெனி நஷ்டத்தை உங்கள் தலையில்தான் கட்டும். அவர் சம்மதிக்கும்வரை முன்பணத்தைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் சேதம் பற்றி இரண்டே வார்த்தை. பேய்ப் படம் என்றால் புது வீட்டையும் பழசாக்குவார்கள், பழைய வீட்டை இன்னும் பழசாக்குவார்கள். உங்கள் சுவரில் இருப்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, அதன் மேல் ஏஜிங் என்று எதையாவது அடித்தால் திரும்ப வராது. வேண்டுமானால் பலகை வைத்து அதன் மேல் அடித்துக்கொள்ளட்டும். நிஜத் தீப்பந்தம் கூடவே கூடாது, மேலே இருப்பது முழுக்கத் தேக்கு. உங்கள் வயரிங்கிலிருந்து ஒரு லைட்கூடப் போடக் கூடாது. முதல் நாளும் கடைசி நாளும் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் மாட்டியிருக்கிற ஐயா, அப்பத்தா படங்களை முதல் வேலையாகக் கழற்றி உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன்களுக்கு அது யார் என்று தெரியாது, மாலை போட்ட பழைய படம் வேண்டும், அவ்வளவுதான். தன் பாட்டனார் பேயாக வந்ததைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த ஒருவர் எனக்குக் கட்சிக்காரர்.

பூஜை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நீங்கள் போட வேண்டாம், முதல் நாள் அவர்களே போடுவார்கள், பேய்ப் படக்காரர்கள்தான் இதில் ரொம்பக் கவனம். கடைசி நாள் பூசணிக்காயும் உடைப்பார்கள். அதை மட்டும் தெருவில் உடைக்கச் சொல்லுங்கள், வளவுக்குள் உடைத்தால் குங்குமத் தண்ணீர் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இறங்கிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.