டெபியன் 12-லிருந்து 13-க்கு: கேளுங்கள், சொல்கிறேன்

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு, அதாவது டிரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது; 12-இன் பெயர் புக்வார்ம். என் மடிக்கணினி, வீட்டு சர்வர், நண்பரின் அலுவலகத்தில் இருக்கும் ஒரு மெஷின் என மூன்றை 12-லிருந்து மாற்றியிருக்கிறேன். ஒன்றில் வசமாக மாட்டிக்கொண்டேன், அதையும் சொல்கிறேன். பேக்கப் எடுக்காதவர்கள் இதோடு நிறுத்திவிட்டு, எடுத்து முடித்ததும் வாருங்கள்.

கேள்வி: 12 நன்றாகத்தானே ஓடுகிறது, அவசரமா?

பதில்: அவசரம் என்று சொல்ல மாட்டேன். 12-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஜூன் வரை. அப்புறம் எல்டிஎஸ், அதாவது நீண்டகாலப் பராமரிப்புக் குழு, 2028 ஜூன் 30 வரை பார்த்துக்கொள்ளும். ஆனால் எல்டிஎஸ் காலத்தை நம்பி மேசைக் கணினியை ஓட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது 11. நேராக 13-க்குத் தாவலாமா அண்ணா?

பதில்: கூடாது. 11-லிருந்து 12, ஒரு ரீபூட், எல்லாம் சரியா என்று ஒரு பார்வை, பிறகுதான் 13. நடுவில் 12-க்கு வரும்போது சோர்ஸ் பட்டியலில், அதாவது பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் பட்டியலில், நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பகுதியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். ஃபர்ம்வேர் (வைஃபை கார்டு போன்ற வன்பொருளுக்கான உள் மென்பொருள்) பேக்கேஜ்களை 12-ல் அங்கே பிரித்து வைத்துவிட்டார்கள். சேர்க்காவிட்டால் வைஃபைக்கான ஃபர்ம்வேர் பழையதாகவே நின்றுவிடும்.

கேள்வி: பழைய 32 பிட் மடிக்கணினி. ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். 13-ல் ஐ386-க்கு, அதாவது 32 பிட் கணினிக்கு, கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. ஆனால் முதலில் எல்எஸ்சிபியூ கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள். 32 பிட், 64 பிட் என இரண்டும் தெரிந்தால் உங்கள் ப்ராசஸர் 64 பிட்தான், யாரோ அன்று 32 பிட் டெபியனைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் 64 பிட் 13-ஐப் புதிதாகவே நிறுவிவிடலாம்.

கேள்வி: எந்த வரிசையில் செய்ய வேண்டும்? வழிகாட்டிகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: முதலில் 12-லேயே பாக்கியிருக்கும் எல்லா அப்டேட்டையும் முடியுங்கள். ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு கொடுத்து, பதிப்பு மாறாதபடி பிடித்து வைத்த பேக்கேஜ் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியாள் சோர்ஸ்கள், அதாவது ப்ரௌசருக்கு ஒன்று, டாக்கருக்கு ஒன்று என்று நாமே சேர்த்தவை, அத்தனையையும் அணைத்து வையுங்கள். நான் பார்த்தவரை பாதி அப்கிரேட் சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன.

பிறகு சோர்ஸ் கோப்புகளில் புக்வார்ம் என்று இருக்கும் இடமெல்லாம் டிரிக்ஸி. ஆப்ட் அப்டேட். அடுத்தது புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காத அப்கிரேட், கடைசியாக ஃபுல்-அப்கிரேட். ஏன் இரண்டு தவணை என்றால், முதல் தவணை எதையும் நீக்காமல் ஏற்ற முடிந்ததை மட்டும் ஏற்றிவிடும். எடுத்ததுமே ஃபுல்-அப்கிரேட் போட்டால் நீக்கப்போகும் பட்டியல் நீளமாக வந்து நிற்கலாம். அந்தப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரே அதில் இருந்தால் 'என்' (N, வேண்டாம்) எழுத்தை அழுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

நான் மாட்டியது இந்தக் கடைசிக் கட்டத்தில். வீட்டு சர்வரில் பூட் கோப்புகளுக்கென்று (கணினி எழும்போது வேண்டியவை) டிஸ்கில் தனிப் பகுதி, 250 எம்பி கூடத் தேறாது, அதில் மூன்று பழைய கெர்னல்கள். புதுக் கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் (கணினி எழும்போது கெர்னலோடு ஏறும் கோப்பு) எழுதும்போது இடமில்லை என்று ஒரு வரி வந்தது. அதன் பின்னால் வந்த எல்லாம் பாதி நிறுவிய நிலையில் தொங்கின. அந்த நிலையில் ரீபூட் செய்யாமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஓடிக்கொண்டிருந்த கெர்னலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்பதை மோஸ்டிலிருந்து டெப்புக்கு (இந்தக் கணினிக்குத் தேவையானவை மட்டும்) மாற்றினேன். பிறகு, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜியின் கான்ஃபிகர் கமாண்டைக் கொடுத்ததும் நகர்ந்தது. 13-க்கு பூட் பகுதி குறைந்தது 768 எம்பி, அதில் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. படிக்காமல் இறங்கியது என் தப்பு.

கேள்வி: நடுவில் ஒய், ஐ, என், ஓ, டி, இசட் என்று ஏதோ கேட்கிறதே, என்ன கொடுப்பது?

பதில்: நீங்கள் கைவைத்து மாற்றிய ஒரு கான்ஃபிக் கோப்புக்கு 13-ல் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, எது வேண்டும் என்கிறது. வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையது நிற்கும், புதியது பக்கத்திலேயே டிபிகேஜி-டிஸ்ட் என்ற வால் ஒட்டி இருக்கும். ஒய் கொடுத்தால் புதியது வந்து உட்காரும், உங்களுடையது டிபிகேஜி-ஓல்டு ஆகிவிடும். முதலில் டி அழுத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) கோப்பில் நீங்கள் போர்ட்டை மாற்றி வைத்திருந்து, யோசிக்காமல் ஒய் தட்டினீர்கள் என்றால், அடுத்த முறை நீங்கள் வைத்திருந்த போர்ட்டில் தட்டித் தட்டிக் கதவு திறக்காது.

கேள்வி: சர்வர் வேறு ஊரில் இருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாகவே செய்யலாமா சார்?

பதில்: செய்யலாம், ஆனால் டீமக்ஸ் என்ற டெர்மினல் கருவிக்குள். இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிப்போகவும் வாய்ப்பு உண்டு. மாறினால் ரீபூட்டுக்குப் பிறகு ஐபி கிடைக்காது. ஆகவே, வாடகை சர்வர் என்றால் கன்சோல் வழியாக உள்ளே போகும் வழியை முதல் நாளே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மரியாடிபி டேட்டாபேஸ் இருக்கிறது, என்ன செய்வது?

பதில்: ஏற்றுவதற்கு முன் முறையாக நிறுத்துங்கள். சரியாக நிற்காத நிலையில் பெரிய பதிப்பு மாற்றம் செய்தால் புதியது எழுந்திருக்காது. டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல், எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஏற்றிய பிறகு டெம்ப் (தற்காலிக) கோப்புறையில் வைத்த கோப்புகளைக் காணவில்லை!

பதில்: அங்கே எதையும் சேமித்து வைக்கலாமா என்று திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் நானும் வைத்தவன்தான். 13-ல் டெம்ப் இயல்பாகவே ராமில் இருக்கிறது, அதிகபட்சம் ராமில் பாதி. ரீபூட் செய்தால் போயிற்று. பழையபடி டிஸ்கில் வேண்டுமென்றால் சிஸ்டம்டியில் (சேவைகளை நிர்வகிக்கும் கருவி) டெம்ப் மவுண்ட் யூனிட்டை மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, ரீபூட் செய்யுங்கள். அங்கேயே பெரிய வீடியோக்களை மாற்றி எடுப்பவர்களுக்கு அதுதான் நல்லது.

கேள்வி: தமிழ் தட்டச்சு போய்விட்டது. தமிழ்99-தான் எனக்குப் பழக்கம்.

பதில்: பெரும்பாலும், தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கமாண்டின் வேலை. வேறு ஏதோ பேக்கேஜின் துணையாக வந்த ஐபஸ்-எம்17என்-ஐ (தமிழ் தட்டச்சுக்கான பேக்கேஜ்), அந்தப் பேக்கேஜ் போனதும் தேவையில்லாதது என்று கணக்குப் போட்டுத் தூக்கியிருக்கும். மறுபடி நிறுவினால் நீங்களே கேட்டு நிறுவியதாகக் குறித்துக்கொள்ளும், அடுத்த முறை தொடாது. லாக்அவுட் செய்து வந்து உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99 இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: லாஸ்ட் கமாண்டே இல்லையே, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பழைய பதிவுக் கோப்பின் வடிவம் 2038-க்கு மேல் தேதியைத் தாங்காது, அதனால் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலான டபிள்யூடிஎம்பிடிபி பேக்கேஜை நிறுவுங்கள். பழைய பதிவுகளை உள்ளே இழுத்துக்கொள்ள அதிலேயே இம்போர்ட் என்று ஒரு வசதி இருக்கிறது.