காஞ்சிக்கு ஒரு பகல்

கேள்வி: காமாட்சி, ஏகாம்பரநாதர் தரிசனம் முடித்தபின் காஞ்சிபுரத்தில் எதைத் தவறவிடக் கூடாது?
– வாசகி, திருச்சி

பதில்: கைலாசநாதர் கோயிலை! ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுப்பியது. மணற்கல் என்பதால் சிங்கங்களின் முகம் கரைந்திருக்கிறது. சுற்றிலும் 58 சிறு சன்னதிகள்; சிலவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சுண்ணச் சாந்தின் மேல் பல்லவ ஓவியம் திட்டுத் திட்டாகத் தெரியும். கருவறையைச் சுற்றும் வழியில் தவழ்ந்துதான் நுழையணும், தவழ்ந்துதான் வெளியே வரணும். மறுபிறவி இல்லை என்பார்கள். என் தொப்பைக்கு இந்தப் பிறவியே போதும் என்று நின்றுவிட்டேன்.

காலையிலேயே போங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் மாலையில் வரதராஜர் கோயில்: நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலி, சுக்கும் மிளகும் மணக்கும் கோயில் இட்லி. பட்டுக்கடைக்கு மறுநாள் போகலாம்!