வெளியே சுற்றும் பூனைக்குக் கழுத்துப்பட்டை கட்டலாமா?

வீட்டுக்கும் தெருவுக்குமாக அலையும் பூனைக்குப் பட்டை கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம், ஆனால் வேகமாக இழுபட்டால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ளதை மட்டும் வாங்குங்கள். நாய்க்குப் போடும் பெல்ட் வேண்டவே வேண்டாம். மரக்கிளையிலோ கம்பி வேலியிலோ மாட்டினால் அது கழுத்தை நெரித்துவிடும். தொளதொளவென்று கட்டுவதும் ஆபத்துதான். எங்கள் பூனை ஒருநாள் முன்னங்காலைப் பட்டைக்குள் நுழைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. அக்குளில் தோல் உரிந்து, புண் ஆற மூன்று வாரம் ஆனது. அடியில் இரண்டு விரல் நுழையும் அளவு போதும். குட்டி என்றால் வாராவாரம் பாருங்கள், மளமளவென்று வளர்ந்துவிடும்.

பட்டை கழன்று எங்காவது விழுந்துவிட்டால்? அதற்குத்தான் மைக்ரோசிப், அதாவது பூனை யாருடையது என்று கண்டுபிடிக்க உதவும் அடையாள எண் கொண்ட சின்னச் சில்லு. அந்த எண்ணோடு உங்கள் போன் எண்ணையும் பதிந்துவைப்பார்கள். அரிசியளவே இருக்கும், தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைகளுக்கு 2024 ஜூன் முதல் இது கட்டாயம். உங்கள் போன் எண் மாறினால் அந்தப் பதிவிலும் மாற்ற வேண்டும்.

பட்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும். கருத்தடை செய்த கடுவன் துணை தேடி வெகுதூரம் போவதும் சண்டையில் கடிபடுவதும் நன்றாகக் குறையும். அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டை இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் வைத்து, அது உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள்.