கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: வயது 43. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒன்றரை வருடமாக மாதவிலக்கு 9 நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. சேலத்துக்குப் பஸ் ஏறினால், சேலையில் கறை பட்டுவிடுமோ என்று சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறேன். ஸ்கேனில் கட்டி இல்லை, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது என்றார்கள். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். போன அன்றே வீடு திரும்புகிற மாதிரி வைத்தியம் இல்லையா?

பதில்: இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றபடியே இறங்குகிறீர்கள் என்றால், இதை இன்னும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் எடுத்தவுடன் கர்ப்பப்பையில் கை வைக்கவும் வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: பயாப்ஸி எடுத்தார்களா? 40 வயதைத் தாண்டி, சவ்வும் தடித்திருந்தால் அது அவசியம். ஸ்ட்ரா போன்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சவ்வில் துளி உறிஞ்சி எடுப்பார்கள். புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடியும். மாதவிலக்கு வலி போலச் சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். அதில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தெரிந்தால் ஆபரேஷன் பேச்சுக்கு நியாயம் உண்டு. கூடவே தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

ரிசல்ட் நன்றாக இருந்தால், நான் முதலில் சொல்வது ஹார்மோன் லூப். மிரெனா என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரி காப்பர் டி போட்டு ரத்தம் இன்னும் ஜாஸ்தியாகிக் கழற்றிவிட்டாள், எனக்கு லூப்பே வேண்டாம்" என்பார்கள். அவர் சொன்னது உண்மைதான், காப்பர் டி ரத்தப்போக்கைக் கூட்டும். இது வேறு. டி வடிவில், சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள்ளேயே துளித்துளியாக விட்டுச் சவ்வை மெலிய வைக்கும். பரிசோதனை மேசையிலேயே பொருத்திவிடலாம், மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. முதல் 3 முதல் 6 மாதம் விட்டுவிட்டுக் கசியும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து எடுத்துவிடாதீர்கள். அப்புறம் பலருக்கு ரத்தப்போக்கு பெருமளவு குறைந்துவிடும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். நின்றுவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மெலிந்த சவ்வில் உதிர எதுவும் இல்லை, அதனால்தான் வருவதில்லை.

அடுத்தது சவ்வைச் சூட்டால் கருக்குவது, அப்லேஷன். ஒரு வகையில், சிறிய பலூனை உள்ளே விரித்து அதில் திரவத்தைச் சூடேற்றுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு ஆகாது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கருக்கிய பிறகு சவ்வைச் சோதிப்பது கடினம், எனவே பயாப்ஸி முன்னால்தான்.

இதற்கிடையே, ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை உதவும், ரத்தம் அதிகமாகப் போகும் 4, 5 நாட்கள் மட்டும். காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

8.2 குறைவு. இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம் வேண்டும். காப்பித் தோட்டத்துக்காரரிடம் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது: மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியோ டீயோ வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

இந்த வசதிகள் பற்றிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் பிரிவில் கேளுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.