ஈரான் பெண்களின் போராட்டத்துக்கு இங்கிருந்து உருப்படியாக என்ன செய்யலாம்?

ஹேஷ்டேக் போடுவதைத் தாண்டி ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. உங்கள் வீட்டு இணையத்தில் கொஞ்சம் பங்கு கொடுங்கள்.

2022 செப்டம்பரில் 22 வயது மஹ்சா அமினி, தெஹ்ரானில் அறநெறிக் காவலர்களின் (ஹிஜாப் விதிகளைப் பெண்கள் மீறுகிறார்களா என்று கண்காணிக்கும் போலீஸ்) பிடியில் மயங்கி விழுந்து 16ஆம் தேதி இறந்தார். அதை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் அரசு முடக்கியது. தெருவில் எடுத்த வீடியோ வெளியே வராவிட்டால் அடித்தவனைக் கேட்க ஆளில்லை. அந்தத் தடையைத் தாண்ட உதவும் கருவிகளில் ஒன்று, டோர் திட்டத்தின் ஸ்னோஃப்ளேக். டோர் என்பது, யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை மறைக்க இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலையமைப்பு. அது தடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவர் அதற்குள் நுழைய, உங்கள் பிரவுசரை இடைவழியாக (ப்ராக்ஸி) ஆக்குவதுதான் ஸ்னோஃப்ளேக்.

ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் எதிலாவது ஸ்னோஃப்ளேக் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) நிறுவி, சுவிட்சைப் போட்டுவிட்டு பிரவுசரைத் திறந்தே வையுங்கள். அவ்வளவுதான். யாராவது உங்கள் வழியாகப் போகும்போது ஐகான் பச்சையாகும். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் அதிலேயே தெரியும்.

அப்படி வருபவர்கள் பார்க்கும் தளத்துக்கு நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். போகாது. நீங்கள் நுழைவாசல் மட்டுமே. அதற்குப் பிறகு அவர்களின் இணைப்பு டோர் வலையமைப்புக்குள் சுற்றி வேறு முனையில்தான் வெளியேறுகிறது. என்ன பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது.

நாள் கணக்கில் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்தால், பெரும்பாலும் உங்கள் நெட்வொர்க்தான் காரணம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பலர் ஒரே பொது ஐபியைப் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு பெரும்பாலும் உங்களை வந்து சேராது. அலுவலக ஃபயர்வால், ஸ்னோஃப்ளேக்குக்குத் தேவையான யூடிபி என்ற தகவல் பரிமாற்ற முறையை அடைத்திருக்கலாம். வீட்டு பிராட்பேண்டில் போடுங்கள், விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனால் எதிர்முனையில் இருப்பவரின் இணைப்பு பாதியில் அறுந்து, வேறு ப்ராக்ஸி தேட வேண்டிவரும். அந்த செட்டிங்கை மாற்றிவிடுங்கள். டேட்டா அளந்து தரும் பிளானில் இந்த வேலையே வேண்டாம்.

எல்லா நேரமும் இது கைகொடுக்காது. 2022 அக்டோபர் தொடக்கத்தில், ஸ்னோஃப்ளேக் டிஎல்எஸ் (தகவலை மறையாக்கி அனுப்பும் முறை) இணைப்பைத் தொடங்கும் விதத்தை வைத்தே ஈரான் அடையாளம் கண்டு தடுத்தது, பயனர் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. டோர் பிரவுசரின் புதுப் பதிப்பில் அதை மாற்றிய பிறகே மீண்டது. நாட்டின் இணையத்தையே துண்டித்தால் எந்த ப்ராக்ஸியாலும் பயனில்லை.

போராட்டப் படம் பகிர்பவர்களுக்கு ஒன்று. முகத்தை லேசாக பிளர் செய்தால் போதாது, கறுப்புக் கட்டத்தால் முழுக்க மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். எடுத்த இடம், நேரம் போன்ற தகவல்களும் அதோடு கழன்றுவிடும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அவை அப்படியே ஒட்டிக்கொண்டு போகும். பள்ளிச் சீருடை, டாட்டூ, கடைப் பலகை இவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முகத்தை மூடிவிட்டு பலகையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

போராட்டத்தின் முழக்கத்தை எழுதும்போதும் கவனம். 'ஜின், ஜியான், ஆசாதி' குர்திஷ் மொழி: பெண், வாழ்வு, விடுதலை. 'ஜன், ஜெந்தகி, ஆசாதி' என்பது அதன் பாரசீக வடிவம். சகேஸ் ஊரைச் சேர்ந்த அமினியும் குர்திஷ் பெண்தான், வீட்டில் அவர் பெயர் ஜினா.