குணமான பின் பிள்ளைகளிடம் எப்படித் திரும்புவது?

கேள்வி: பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான மிஷன் இல்லத்தில் விடுதித் தாயாக ஊழியம் செய்துவந்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. சாதாரண வேலைகள் செய்யலாம் என்கிறார் டாக்டர். பிள்ளைகள் போனில் "எப்ப வருவீங்க?" என்று கேட்கிறார்கள். தயங்குவது அவிசுவாசமோ என்று மனம் உறுத்துகிறது. முன்புபோல அங்கேயே தங்கி ஊழியத்தைத் தொடரலாமா?

பதில்: சகோதரி, பிள்ளைகளிடம் திரும்பப் போங்கள். ஆனால் விடுதித் தாயாக இப்போதே வேண்டாம்.

டாக்டர் சொன்ன 'சாதாரண வேலை' எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சலில் அழும் பிள்ளையோடு இரவு முழுக்க விழித்திருப்பதும், சின்னவர்களைத் தூக்குவதும் உங்கள் வேலை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்க வாய்ப்புண்டு. பாரம் தூக்குவதைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். சிகிச்சைக்குப் பின் வரும் அசதி தூங்கி எழுந்தாலும் போகாது, சிலருக்குப் பல மாதங்கள் நீடிக்கும். அதை ஜெபக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இன்னொன்று: இல்லத்தில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்பட்டால், நோயுள்ள பிள்ளையோடு பழகிய முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.

உடம்பைவிட நான் அதிகம் யோசிப்பது பிள்ளைகளைப் பற்றித்தான். ஏற்கெனவே தாய் தகப்பனை இழந்தவர்கள். நடுவில் நீங்களும் காணாமல் போனீர்கள். சின்னப் பிள்ளைகள் பலர், 'நான் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது' என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருப்பார்கள், வாய் திறந்து சொல்லமாட்டார்கள். நீங்கள் முழுநேரமாகத் திரும்பி, ஒரு மாதத்தில் முடியாமல் படுத்துவிட்டால், தாமதமாக வருவதைவிட அதுதான் அவர்களை அதிகம் உடைக்கும். அதனால் நல்ல நாளில் எவ்வளவு முடிகிறது என்று பார்க்காதீர்கள். மோசமான வாரத்திலும் தவறாமல் செய்ய முடிந்தது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். வாரம் இரண்டு மாலை, இரண்டு மணி நேரம், கதை, வீட்டுப்பாடம், ஜெபம். அவ்வளவு போதும். ஒன்றிரண்டு மாதம் அது தடையில்லாமல் நடந்தால் கூட்டலாம். இரவுப் பொறுப்பு கடைசியில்.

முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லுங்கள். "இது உங்களால் வந்ததில்லை, தொட்டால் ஒட்டாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "இனி உங்களை விட்டுப் போகவே மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அது நம் கையில் இல்லை. "புதன்கிழமை வருவேன்" என்று சொல்லலாம், வரவும் வேண்டும். உங்கள் கையைப் பிடித்து நடத்துவது, மாத்திரை நேரம் பார்ப்பது என்று பெரிய பிள்ளைகள் உங்களைக் கவனிக்கத் தொடங்கினால் அன்போடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சுமை அவர்களுக்கு வேண்டாம். நீங்கள் இல்லாதபோது அவர்களைப் பார்த்துக்கொண்டவரை ஒதுக்கிவிடவும் கூடாது. பிள்ளைகள் அவரிடமும் ஒட்டியிருப்பார்கள், அது நல்லது.

அவிசுவாசம் என்ற உறுத்தலுக்கு வருகிறேன். வேதாகமத்தில் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஊழியத்தினிமித்தம் சாவுக்குச் சமீபமாய்ப் போன தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்துவைப் பவுல் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. அவனுடைய சபைக்கே திருப்பி அனுப்பி, சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார். கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். எழுத்தும் ஆலோசனையும் அங்கிருந்தே தொடர்ந்தன. அவருடைய ஊழியம் குறைந்துபோனதாக யாரும் சொல்வதில்லை.

மிஷன் பொறுப்பாளரிடம் இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். எத்தனை மணி நேரம், எந்த வேலை, மறுபரிசோதனை நாட்களில் யார் மாற்று என்று எழுத்தில் வாங்குங்கள். என்றாவது வர முடியாமல் போனால், பிள்ளைகள் வாசலில் காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பே நீங்களே போன் செய்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.